ஐடா அம்மையாரும் மனநல மருத்துவராக விரும்பும் நம் மாணவர்களும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்துக்காரர்களிடம் ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றிப் புதிதாக என்ன சொல்லிவிட முடியும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சி.எம்.சி. வாசலை மிதிக்காத குடும்பம் இந்தப் பக்கம் அபூர்வம்தான். ஆனால் மனநல மருத்துவர் ஆகவேண்டும் என்ற ஆசை நம் கல்லூரியில் இப்போது படிக்கும் பிள்ளைகள் சிலருக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், அவர்களுக்குச் சொல்ல எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஐடா அம்மையாரின் கதைதான். அவர் மனநல மருத்துவர் இல்லையே என்பீர்கள். இல்லைதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இன்று டேனரிகளுக்குப் பேர்போன ராணிப்பேட்டையில், 1870 டிசம்பர் 9 அன்று பிறந்தவர் ஐடா. பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-லேயே இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷனரி டாக்டர். அப்பாவும் டாக்டர். சிறுமியாக இருந்தபோது 1876-78 தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். பசித்த குழந்தைகளுக்கு ரொட்டி ஊட்டியவர். அந்தக் காட்சியே அவருக்கு இந்த நாட்டின் மேல் வெறுப்பையும் பயத்தையும் உண்டாக்கிவிட்டது. அமெரிக்காவில் படித்து, அங்கேயே நிம்மதியாக வாழ்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய திட்டம். சேவை செய்யவே பிறந்தவர் என்று மேடையில் பேசுகிறோமே, அதெல்லாம் பிற்பாடு நாம் போட்ட மாலை.

1890-ல் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதாக எண்ணம். அப்போது ஓர் இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், இன்னொருவர் மற்றோர் உயர்சாதி இந்து. மூவருக்கும் ஒரே கஷ்டம்: வீட்டில் மனைவி பிரசவ வேதனையில் கிடக்கிறாள். அப்பா டாக்டர் வருகிறார், அவரைக் கூப்பிட்டுப் போங்கள் என்று ஐடா சொல்லிப் பார்த்தார். வேற்று ஆண் வந்து பார்ப்பதை மூன்று குடும்பமும் ஏற்கவில்லை. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

மனநல மருத்துவம் படிக்க நினைக்கும் தம்பி தங்கைகள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மருந்தும் டாக்டரும் கூப்பிடு தூரத்தில் இருந்தும், கூச்சமும் வழக்கமும் குடும்ப மானமும் வாசலை அடைத்து நின்றதால் போன உயிர்கள் அவை. இன்றைக்குப் பிரசவத்துக்கு அந்தத் தடை போய்விட்டது. மனநோய்க்குப் போகவில்லை. பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும், பையனுக்கு ஷூ கம்பெனியில் வேலை போகும், தெருவில் நாலு பேர் பைத்தியம் என்பார்கள் என்று மூடி வைக்கிற வீடுகள் நம் ஊரிலேயே எத்தனை! மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள், தாயத்துக் கட்டுவார்கள், மாதக்கணக்கில் அலைவார்கள். டாக்டரிடம் வருவது கடைசியில். 2015-16-ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகவும், அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போவதில்லை என்றும் சொன்னது. நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை.

அந்த இரவுக்குப் பின் ஐடா முடிவெடுத்தார். டாக்டர் படிப்பில் சேர்ந்தது 1895-ல், 24 வயதில். முதலில் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரி. பிறகு, பெண்களை அப்போதுதான் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்த கார்னெல். 1899-ல் பட்டம். வயசாகிவிட்டதே, இனிமேலா என்று தயங்குகிற பட்டதாரிப் பிள்ளைகளுக்காக இந்தக் கணக்கைச் சொன்னேன்.

கணக்கு என்றதும் இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பம் நிறைய இருக்கிறது. சைக்காலஜியில் பட்டம் வாங்கினால் மனநல மருத்துவர் ஆகிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆக முடியாது. மனநல மருத்துவர் என்பவர் முதலில் முழு டாக்டர். பிளஸ் டூவில் உயிரியல், நீட் தேர்வு, பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., மறுபடியும் ஒரு நுழைவுத் தேர்வு, அப்புறம் மூன்று ஆண்டு எம்.டி. எல்லாம் சரியாக நடந்தால் எட்டரை வருஷம். நீட் எழுத இருந்த வயது உச்சவரம்பை 2022-ல் எடுத்துவிட்டார்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு எம்.பி.பி.எஸ். இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தமிழ்நாட்டில் 2020 முதல் இருக்கிறது. அந்த வழி முடியாது என்றால் மனம் தளர வேண்டியதில்லை. மருத்துவ உளவியலாளராகவோ, மனநலச் சமூகப் பணியாளராகவோ, செவிலியராகவோ இதே துறையில் நுழையலாம். மருந்து எழுதும் உரிமைதான் இராது, வேலை குறைந்ததில்லை.

ஐடா 1900-ல் வேலூர் வந்து சேர்ந்தார். ஷெல் என்ற அமெரிக்கச் செல்வந்தர் தம் மனைவி நினைவாகக் கொடுத்த பத்தாயிரம் டாலர் கையில் இருந்தது. வழிகாட்ட அப்பா இருக்கிறார் என்ற தைரியமும் இருந்தது. அந்த வருஷமே அப்பா காலமாகிவிட்டார். பங்களாவின் ஒரு சின்ன அறைதான் ஆஸ்பத்திரி. சமையல்கட்டில் இருந்த சலோமி என்ற பெண்தான் உதவியாளர். ஜனங்கள் முதலில் தயங்கினார்கள். இரண்டே வருஷத்தில் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1902-ல் நாற்பது படுக்கையோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி எழுந்தது.

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வராதவர்கள் யார் என்று பார்த்தார். முதலில் வண்டியிலும், 1909 முதல் ஒரு பியூஜோ மோட்டார் காரிலும் குடியாத்தம் சாலையில் வாரம் தவறாமல் போய், மரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வைத்தியம் பார்த்தார். சொன்ன நாளில் சொன்ன இடத்தில் டாக்டர் வருவார் என்ற நம்பிக்கையில் ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். மனநோய்க்கும் இதுதான் வழி. மாதாமாதம் மாத்திரை, மாதாமாதம் பேச்சு. டாக்டர் ஒருமுறை வராவிட்டால் நோயாளி அடுத்தமுறை வரமாட்டார்.

இன்னொரு விஷயம் பாஷை. ஐடாவுக்குத் தமிழ் சிறுவயதிலிருந்தே பழக்கம். எலும்பு டாக்டருக்கு எக்ஸ்ரே இருக்கிறது. மனநல மருத்துவருக்குப் பெரும்பாலும் நோயாளியின் பேச்சுதான் எக்ஸ்ரே. ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் வேலை பார்க்கப் போகிறவருக்கு உருது தெரியாவிட்டால் பாதி கதை காதில் விழாது. நம் கல்லூரி விடுதியில் உருதும் தெலுங்கும் ஓசியிலேயே கற்றுக்கொள்ளலாம். நாம் அந்தக் காலத்தில் கற்றதென்னவோ திட்டுகிற வார்த்தைகள் மட்டும்தான்!

1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஐடா தொடங்கினார். பெண் பிள்ளைகள் மூன்று பேர்கூட வரமாட்டார்கள் என்று பெரிய அதிகாரிகளே சந்தேகப்பட்டார்களாம்; 151 விண்ணப்பங்கள் வந்தன. 1922-ல் தேர்வெழுதிய 14 பேரும் தேறினார்கள். பிறகு 1938 வாக்கில் பழைய டிப்ளமோ போதாது, பட்டப்படிப்பு வேண்டும் என்று அரசு சொன்னபோது பள்ளியே மூடிவிடும் நிலை. எழுபதை நெருங்கிய வயதில் ஊர் ஊராகப் பணம் திரட்டினார். ஆண்களையும் சேர்த்தால்தான் கல்லூரி பிழைக்கும் என்று தெரிந்ததும், பெண்களுக்கென்றே தொடங்கிய தம் கொள்கையை மாற்றிக்கொண்டார். இதற்காகப் பழைய தோழிகள் சிலருடைய மனவருத்தத்தையும் சம்பாதித்துக்கொண்டார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வந்தது; 1947-ல் மாணவர்கள் சேர்ந்தார்கள்.

1946-ல் பொறுப்பிலிருந்து விலகி, நாளடைவில் கொடைக்கானல் வீட்டில் தங்கிவிட்டார். அவர் காலத்திலேயே வேலூரில் மனநலப் பிரிவு தொடங்கியது. ஃப்ளாரன்ஸ் நிக்கோல்ஸ் என்ற கனடா நாட்டு அம்மையார் அதற்கு வித்திட்டார். 1950-களின் பிற்பகுதியில் பாகாயத்தில் மனநல மையம் உருவானது. அன்றைக்கு மனநல ஆஸ்பத்திரி என்றால் உயர்ந்த மதில், பூட்டிய கதவு, உள்ளே போனவரைக் குடும்பம் மறந்துவிடும் என்றே அர்த்தம். பாகாயத்திலோ நோயாளியோடு வீட்டார் ஒருவர் கூடவே தங்கவேண்டும் என்று ஏற்பாடு. அதே காலத்தில் பஞ்சாபில் அமிர்தசரஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். உலகின் பல நாடுகளில் குடும்பத்தை வெளியே நிறுத்திய நாளில் நம் நாட்டில் நடந்த காரியம் இது. கூடவே தங்கிய தாயோ கணவனோ, இது பேயும் இல்லை சாபமும் இல்லை, நோய்தான் என்று தாமே கண்டு, மருந்து கொடுக்கவும் பழகி ஊர் திரும்பினார்கள்.

1960 மே மாதம் கொடைக்கானலில் ஐடா காலமானார், 89 வயதில். 2000-ல் அவருக்கு நம் அரசு தபால் தலை வெளியிட்டது.

நம் கல்லூரியிலிருந்து பாகாயத்துக்கு டவுன் பஸ்ஸே போகிறது. இந்த ஆசை உள்ள பிள்ளைகள் வெறுமனே வேடிக்கை பார்க்கப் போய் நோயாளிகளுக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம். பேராசிரியர் மூலம் முறைப்படி கடிதம் எழுதி அனுமதி கேட்டுப் போய், கூடத் தங்கியிருக்கும் வீட்டாரிடம் பேச விட்டால் பேசிப் பாருங்கள். ஒரு மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருக்க முடிந்ததா என்று உங்களையே கேட்டுக்கொண்டு, அதன் பிறகு விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுங்கள்.