தராசும் ஒரு சூரியகாந்திச் செடியும்

லேப்ல ரீடிங் சரியா வரலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? பக்கத்து டேபிள் நண்பனோட அப்சர்வேஷன் நோட்டை எட்டிப் பார்ப்பீங்க. வெட்கப்படாதீங்க, நானும் அதே கேஸ்தான்! இன்னைக்கு நாம பார்க்கப்போற மனுஷன் அப்படி இல்லை. பேரு ஸ்டீபன் ஹேல்ஸ். தொழில்? பாதிரியார்!

1677-ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1709-ல் லண்டனுக்குப் பக்கத்தில் தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் டெடிங்டனுக்கு வந்தார். சாகும்வரை அந்த ஊர்தான். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே, 1721-ல் மனைவி இறந்துட்டாங்க. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

முதலில் அவர் அளந்தது ரத்தத்தை. குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறியது. ரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் இவர்தான். ஆனால் குதிரை பிழைக்கவில்லை. உயிரை அறுத்துப் பார்க்கும் இந்த வேலை அவருக்கே கசந்துபோக, சில வருஷம் ஒதுங்கி இருந்தார்.

அவரைத் திரும்ப இழுத்தது ஒரு திராட்சைக் கொடி. தப்பான பருவத்துல வெட்டினதால, வெட்டின இடத்துல நீர் வடிஞ்சுகிட்டே இருந்தது. கொடி செத்துடுமோன்னு பயந்து, ஒரு சவ்வை அதுமேல இறுக்கிக் கட்டினார். கொஞ்ச நேரத்தில் சவ்வு உப்பிப்போச்சு! உடனே குதிரைக்குச் செய்த அதே வேலையைக் கொடிக்கும் செய்தார். வெட்டிய அடித்தண்டில் குழாய் மேல் குழாயாக ஒட்டிப் பார்த்தால், நீர் 21 அடி வரை ஏறியது. பாதரசத்தை வைத்து அளந்தபோது, அந்த அழுத்தம் குதிரையின் ரத்த அழுத்தத்தைப் போல சுமார் 5 மடங்கு!

அப்போ வேர்தான் பம்பு, கதை முடிஞ்சதுன்னு நாமளா இருந்தா எழுதிக் கொடுத்திருப்போம். அவர் நிறுத்தவில்லை.

1724 கோடையில், தொட்டியில் இருந்த மூன்றரை அடி உயரச் சூரியகாந்தியை எடுத்துக்கொண்டார். மண்ணிலிருந்து ஆவி போகாதபடி ஈயத் தகட்டால் வாயை மூடினார். தினமும் காலையும் மாலையும் எடை போட்டார். கடைசியில் செடியை வெட்டிவிட்டு, வெறும் தொட்டி எவ்வளவு நீரை இழக்குதுன்னு தனியா அளந்து, அந்த 2 அவுன்ஸையும் கழித்தார். 12 மணி நேரப் பகலில் சராசரியாக 20 அவுன்ஸ், அதாவது அரை லிட்டருக்கும் மேல், இலை வழியா காற்றில் போயிருந்தது.

இன்னொரு சோதனை. இலையுள்ள கிளைகளையும் இலை உருவிய கிளைகளையும் தண்ணீரில் வைத்தார். இலையுள்ளவை 15 முதல் 30 அவுன்ஸ் வரை குடித்தன. மொட்டைக் கிளைகள் சுமார் 1 அவுன்ஸோடு நின்றன.

புரியுதா? வேர் தள்ளுவது ஒரு பருவத்துக் கதை. கோடையில் நீரை மேலே இழுப்பது இலை. ரத்தம் மாதிரி செடிக்குள்ளும் சாறு சுற்றி வருதுன்னு அப்போ பலர் நம்பினாங்க. வேரில் நுழைந்து இலையில் வெளியேறும் இந்தக் கணக்கைப் பார்த்து, அப்படிச் சுற்றவில்லை என்றார் ஹேல்ஸ். 1727-ல் 'வெஜிடபிள் ஸ்டாட்டிக்ஸ்' புத்தகமாக வந்தது. அதை அச்சிட அனுமதி தந்த ராயல் சொசைட்டித் தலைவர் யார் தெரியுமா? ஐசக் நியூட்டன்!

இலை எப்படி அவ்வளவு உயரம் இழுக்குது? நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்வதால் அறுபடாத கயிறு மாதிரி மேலே வருகின்றன. இந்த விளக்கத்தை டிக்சனும் ஜாலியும் தந்தது 1890-களில்தான். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே இழுப்பது யாருன்னு ஒரு தராசு காட்டிவிட்டது.

பிற்பாடு கப்பல்களுக்கும் சிறைகளுக்கும் காற்றோட்டக் கருவிகள் செய்து கொடுத்தார் ஹேல்ஸ். 1761-ல் இறந்தபோது, அவர் விரும்பியபடியே டெடிங்டன் தேவாலயக் கோபுரத்தின் அடியில் புதைத்தார்கள்.

அடுத்த லேப்ல ரீடிங் ஒத்துவரலைன்னா, நண்பன் நோட்டைத் தேடுறதுக்கு முன்னாடி அந்தத் தொட்டியின் 2 அவுன்ஸை ஒருமுறை நினைச்சுக்கோங்க!