பிடி அரிசிப் பள்ளியின் மாணவர்

விருதுபட்டியில் வீட்டுக்கு வீடு நாள்தோறும் ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பர். அதைத் திரட்டி விற்ற பணத்தில் ஒரு பள்ளி நடந்தது. சத்திரிய வித்தியாசாலை என்பது அதன் பெயர். 1903 சூலை 15-இல் அவ்வூரில் பிறந்த காமராசர் சம்பளமின்றிப் பயின்றது அங்கேதான்.

மகனுக்கு ஆறு வயது இருக்கையில் தந்தையார் குமாரசாமி காலமானார். அன்னை சிவகாமி அம்மையார் நகைகளை விற்றுக் குடும்பத்தைக் காத்தார். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. சிறுவர் மாமனின் துணிக்கடைக்குப் போனார். அரசியல் கூட்டங்களுக்கு ஓடும் பிள்ளையைத் திருத்த எண்ணிய உறவினர், திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த மற்றொரு மாமனிடம் அனுப்பினர். நம் கேரள மண்ணும் அவரைத் திருத்தவில்லை. அவர் வைக்கம் போராட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார்!

1954 ஏப்ரலில் சென்னை மாநில முதலமைச்சரானார். முன்னர் வந்திருந்த அரைநாள் படிப்புத் திட்டம் அவ்வாண்டே கைவிடப்பட்டது. பள்ளியில்லா ஊர்களில் பள்ளிகள் எழுந்தன. ஆயினும், பசித்த பிள்ளை பள்ளிக்கு வாராது என்பதை அவர் அறிவார். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு துணைநிற்க, 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். ஒரு வேளை உணவுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, ஆறு காசை அரசும் நாலு காசை உள்ளூராரும் ஏற்பதாக வகுத்தனர். பிடி அரிசியின் கணக்கன்றோ இது! முதலில் ஏறத்தாழ 8,000 பள்ளிகளில் இரண்டு இலட்சம் பிள்ளைகள் உண்டனர். 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூடி, ஊரார் கட்டடமும் கரும்பலகையும் சீருடையும் வழங்கினர்.

தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் 1956 நவம்பர் 1-இல் கேரளத்தோடு நின்றன. இவற்றை அவர் இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாம் என்னும் மனக்குறை நம் மூத்தோர்க்கு உண்டு. அதைப் பொய்யென்று கூற இயலாது. அம்மலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளிய தாய்மாரின் பிள்ளைகள் அந்தப் பத்துக் காசுச் சோற்றுக்கு வெளியே நின்றனர். ஆயினும், ஏழைப் பிள்ளையின் வயிற்றையும் படிப்பையும் ஒரே கணக்கில் எழுதியவர் என்பதால், அவர் படத்தை நம் வீடுகளில் மாட்டியிருப்பது பொருந்தும் என்றே கருதுகிறேன்.

1963-இல் பதவியைத் தாமே துறந்த அவர், 1975 அக்டோபர் 2-இல் மறைந்தார். சென்னையில் அவர் குடியிருந்தது வாடகை வீடு. அவர் படித்த பிடி அரிசிப் பள்ளி விருதுநகரில் இன்றும் நடந்து வருகிறது.