வாப்பாவின் துறப்பணமும் டாவின்சியின் கொப்பிகளும்

எனது வாப்பா தச்சுத் தொழிலாளி. காத்தான்குடியிலிருந்து தினமும் சைக்கிளில் கல்லடிக்குப் போவார். வாவிக் கரையில் தோணி பழுதுபார்ப்பார். வீடுகளுக்கு நிலை, கதவு செய்வார். உருண்டையான மரத் தூணை இரண்டு பக்கமிருந்தும் துறப்பணத்தால் துளைப்பார். இரு துளைகளும் நடுவில் மயிரிழை பிசகாமல் சந்திக்கும். எப்படி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, அவராகவும் சொல்லவில்லை. நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் அவர் வபாத்தானார். அந்தக் கைப்பக்குவமும் அவரோடு போய்விட்டது.

சில வாரங்களுக்கு முன் விஞ்ஞான பாடத்துக்காகப் படங்கள் தேடியபோது, மரக்குற்றியை நீளவாக்கில் துளைக்கும் இயந்திரம் ஒன்றின் பழைய வரைபடம் கண்ணில் பட்டது. வரைந்தவர் லியனார்டோ டாவின்சி. மோனா லிசா ஓவியத்தால் உலகறிந்த அதே மனிதர். வாப்பாவை நினைத்துக்கொண்டே அவரது வாழ்க்கையை வாசிக்கத் தொடங்கினேன்.

1452 ஏப்ரல் 15இல் இத்தாலியின் வின்சி என்ற சிற்றூரை ஒட்டிப் பிறந்தார். தந்தை நொத்தாரிசு, தாய் கத்தரீனா சாதாரண குடும்பத்துப் பெண். இருவரும் மணமுடிக்கவில்லை. அதனால் தந்தையின் தொழிலுக்குப் போகும் வழி மகனுக்கு அடைபட்டது. கற்றோரின் மொழியான இலத்தீனையும் சிறுவயதில் முறையாகப் படிக்கவில்லை. புளோரன்ஸ் நகரில் வெரோக்கியோ என்ற கலைஞரின் பட்டறையில் சேர்க்கப்பட்டார். அங்கே ஓவியம், சிற்பம், உலோக வேலை எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்தன. 1471இல் புளோரன்ஸ் பேராலயக் குவிமாடத்தின் உச்சியில் ஏற்றப்பட்ட பெரிய செப்புப் பந்து அந்தப் பட்டறையில் செய்யப்பட்டதே. அதை ஒட்டவைத்த விதத்தை லியனார்டோ முதுமையிலும் தன் கொப்பியில் நினைவுகூர்ந்தார். பட்டறைதான் அவருக்குப் பல்கலைக்கழகம்.

முப்பது வயதளவில் மிலான் நகரப் பிரபுவிடம் வேலைக்குப் போனார். அக்காலத்தில் தண்ணீர்க் குழாய்களை மரக்குற்றிகளைத் துளைத்தே செய்தார்கள். குற்றியின் பருமன் ஒன்றுபோல் இராது. நடு தப்பினால் துளை ஒரு பக்கமாக ஓடி, மரம் வீணாகும். லியனார்டோ இதற்கு ஒரு வழி வரைந்தார். குற்றியைச் சுற்றிலும் பிடிக்கும் பிடிகள் சேர்ந்தே உள்நோக்கி நகரும். குற்றி பருத்ததோ மெலிந்ததோ, அதன் நடு எப்போதும் துறப்பணத்தின் முனைக்கு நேரே வந்து நிற்கும். வாப்பாவின் கையும் கண்ணும் செய்த வேலையை அவர் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தார்.

அடுத்தது கண்ணாடி. குழிவாடி தேய்க்கும் இயந்திரங்கள் பலவற்றை அவர் வரைந்திருக்கிறார். கைப்பிடியைச் சுழற்றினால் பற்சில்லுகள் வழியாக வேலைப் பொருளும் அதைத் தேய்க்கும் பகுதியும் இயங்கும். வளைவு எங்கும் ஒரே சீராக அமைய வேண்டும் என்பதே நோக்கம். குழிவாடியின் குவியத் தூரம் அதன் வளைவு ஆரையின் பாதி என்று நமது பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்த வளைவு கொஞ்சம் பிசகினாலும் ஒளி ஓரிடத்தில் குவியாது. சந்திரனைப் பெரிதாகக் காண வில்லைகள் செய்ய வேண்டும் என்ற குறிப்பும் அவரது கொப்பியில் உண்டு.

இங்கே நமக்குத் தெரிந்த ஒருவரும் வருகிறார். பஸறாவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், வளைந்த கண்ணாடியின் எந்தப் புள்ளியில் பட்ட ஒளி நம் கண்ணை வந்தடைகிறது என்ற கணக்கைச் சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் ஆராய்ந்தார். அக்கணக்கு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. லியனார்டோ அதனோடு மல்லுக்கட்டி, தீர்வு காண ஒரு கருவியையே வரைந்தார். அறபியில் எழுதப்பட்ட நூல் பிரதி எடுக்கப்பட்டு, இலத்தீனுக்குப் போய், இத்தாலியிலும் பேசப்பட்டதால்தான் அந்தக் கேள்வி அவரை வந்தடைந்தது.

ஆனால் லியனார்டோவின் விடைகள் யாரையும் சென்றடையவில்லை. இடது கைக்காரரான அவர் அறபைப் போல வலமிருந்து இடமாக எழுதினார். எழுத்துகளும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கும். நூல்களாக்க நினைத்தார், ஒன்றையும் வெளியிடவில்லை. 1513 முதல் சில ஆண்டுகள் ரோமில் குழிவாடி வேலையில் இருந்தபோது, உடனிருந்த ஜெர்மன் கைவினைஞர்கள் தன் வேலையை நோட்டமிடுவதாகச் சந்தேகப்பட்டார். மனக்கசப்பு மிஞ்சியது. பின்னர் பிரான்ஸ் மன்னரின் அழைப்பில் அங்கு சென்று, 1519 மே 2இல் அம்புவாஸில் காலமானார்.

கொப்பிகள் அவரது மாணவர் மெல்ஸியிடம் போயின. அவர் பாதுகாத்தார், அவருக்குப் பின் வந்தவர்கள் அருமை தெரியாமல் சிதறவிட்டார்கள். இன்று எஞ்சியவை சுமார் 7000 பக்கங்கள். மட்ரிட் நூலகத்தில் இடம் மாறிக் கிடந்த இரு தொகுதிகள் 1965இல்தான் திரும்பக் கிடைத்தன. 1609இல் கலிலியோ தொலைநோக்கிக்காகத் தானே வில்லை தேய்க்கப் பழகியபோது, டாவின்சியின் தேய்ப்பு இயந்திரங்கள் தாள்களுக்குள் உறங்கிக்கொண்டிருந்தன.

நமது சமூகத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. எந்தக் கண்டுபிடிப்பைச் சொன்னாலும், அதை அன்றே எங்கள் முன்னோர் செய்துவிட்டார்கள் என்போம். இப்னு அல்-ஹைதமின் பெயரையும் அதற்கே இழுப்போம். அவரது அறிவு பிழைத்தது அவர் மேதை என்பதால் மட்டுமல்ல. ஒருவர் எழுதினார், மற்றவர் பிரதி எடுத்தார், இன்னொருவர் மொழிபெயர்த்தார். டாவின்சியும் மேதைதான், அந்தச் சங்கிலி அவரிடம் அறுந்தது. மேதையின் கதியே இதுவென்றால், வாப்பா போன்றவர்களின் அறிவுக்கு என்ன கதி? ஓடாவி, கொல்லர், நெசவாளி, தோணி கட்டுபவர் என்று எத்தனை பேரை எழுதிவைக்காமலே அடக்கம் செய்துவிட்டோம்!

இந்தத் தவணையில் எனது வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டில் உழைக்கும் ஒருவரின் கருவியை வரைந்து, அது எப்படி இயங்குகிறது என்று அவரிடமே கேட்டு எழுதிவர வேண்டும். மீன்பிடிக்கும் வாப்பா, தையல் தைக்கும் உம்மா, யாரானாலும் சரி. முதல் நாள் பதினொரு கொப்பிகள் வந்தன. ஒரு பிள்ளை தன் மூத்தப்பாவின் துறப்பணத்தை வரைந்திருந்தாள். தூணின் நடுவைக் கண்டுபிடிக்க அவர் நூலைச் சுற்றி அளந்து, நாலாக மடித்துக் குறியிடுவார் என்று கீழே எழுதியிருந்தாள்.

வாப்பாவும் அப்படித்தான் செய்தாரோ என்னவோ. கொப்பியைத் திருப்பிக் கொடுக்குமுன் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன்.