எதிர்ப்பொருளுக்குப் பெயரிட்ட பால் எர்லிக்

தாம் இட்ட பெயராலும் தாம் கண்ட நெறியாலும் இறந்த பின்னும் உலகிற்குப் பயன்படும் பெரியார் சிலர். அவருள் ஒருவர் பால் எர்லிக். இவர் 1854ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள், அந்நாளில் பிரஷ்ய நாட்டைச் சேர்ந்திருந்ததும் இந்நாளில் போலந்து நாட்டில் உள்ளதுமாகிய ஸ்டிரேலன் என்னும் ஊரில் யூதக் குடியொன்றிற் பிறந்தார்.

மாணவராயிருந்தபோதே சாயப்பொருள்களில் இவர்க்குப் பெருவேட்கை உண்டாயிற்று. ஒரு சாயம் ஒருவகை உயிரணுவைப் பற்றி மற்றொன்றைப் பற்றாது விடுதலைக் கண்டார். அங்ஙனமே நோய்க்கிருமியை மட்டும் பற்றி அழித்து, உடலைத் தீண்டாது விடும் மருந்தும் கிடைத்தல் கூடும் என்று கருதினார். இடையிலே காசநோய்க்கு ஆளாகி, எகிப்து நாட்டிற் சிலகாலம் தங்கி உடல் தேறி மீண்டார்.

நஞ்சு புகுந்த உடல் அந்நஞ்சை மாற்றும் பொருளைத் தானே ஆக்கிக்கொள்ளும். அதற்கு எதிர்ப்பொருள் என்னும் பொருள்படும் பெயரை 1891இல் வழங்கியவர் எர்லிக்கே. தொண்டை அடைப்பான் நோய்க்குப் பெரிங் என்பார் கண்ட சீரமருந்தின் ஆற்றலை அளந்தறியும் முறையையும் 1897இல் இவர் வகுத்தார். நம் நாட்டில் பாம்புக்கடிக்கு இடும் மருந்து இன்றும் குதிரையின் குருதியிலுள்ள எதிர்ப்பொருளினின்றே ஆக்கப்படுகின்றது. 1908இல் இவர் மெச்னிகாஃப் என்பாருடன் நோபெல் பரிசு பெற்றார். 1909இல் ஜப்பானியராகிய ஹாட்டா துணைநிற்க, மேகநோய்க்கு 606 என்னும் எண்ணுடைய மருந்தைக் கண்டார். 1915ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள் உயிர் நீத்தார்.

உடல் தன்னைத்தானே நஞ்சூட்டிக்கொள்ளாதவாறு காப்பு ஒன்று உடையது என்பது எர்லிக்கின் கொள்கை. பின்வந்தோர் பலர் இதனை மாறாத விதியாகவே கொண்டனர். அக்காப்புத் தவறும் இடங்களும் உள என்பது பின்னரே தெளிவாயிற்று. மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்னும் நோயில், உடலின் காவற்படையே மூளையிலும் முதுகுத்தண்டிலும் உள்ள நரம்புகளின் மேலுறையைத் தாக்குகின்றது. பார்வை மங்கும், கால்கள் தளரும்.

இந்நோய்க்கு இன்டர்ஃபெரான் பீட்டா என்னும் மருந்து 1993இல் அமெரிக்க நாட்டில் ஒப்புதல் பெற்றது. நடாலிசுமாப் என்னும் மருந்து 2004இல் வந்தது. இப்பின்னது தானும் ஓர் எதிர்ப்பொருளே. எர்லிக் எண்ணிய குறிதவறா அம்பு எனலாம். ஆயினும் நோயாளர் சிலரின் உடல் இம்மருந்துகளையும் அயற்பொருளென மதித்து, அவற்றிற்கு எதிர்ப்பொருள் ஆக்குகின்றது. நடாலிசுமாபைப் பற்றிய பேராய்வொன்றில் நூற்றுவருள் அறுவரிடம் அவ்வெதிர்ப்பொருள் நிலைத்து நின்றது. அவர்பால் மருந்தின் பயனும் குன்றியது.

இதனை எம் செஞ்சிக்கோட்டையின் துணைகொண்டு விளக்குவோம். இராசகிரியின் உச்சியரணுக்கு ஏறும் வழியில் ஆழ்ந்த பிளவொன்று உண்டு. அதன்மேலுள்ள பாலத்தை எடுத்துவிடின் பகைவர் புகுதல் அரிது. ஆயின் உதவிக்கு வந்த படையையே பகையென மயங்கிக் காவலர் பாலத்தை எடுத்துவிடின், வந்த உதவி வெளியே நின்றொழியும். உள்ளிருப்போர் அதனை அறியார்.

அறியாமையே இங்குப் பெருங்கேடு. நோயாளர் காப்புண்டென நம்பி ஊசியை ஏற்றுவருவர்; உள்ளே நரம்போ மேன்மேலும் கெடும். ஆதலின் ஐயம் எழுந்தவழிக் குருதியைச் சோதித்தலும், எதிர்ப்பொருள் மீண்டும் காணப்படின் வேறுமருந்திற்கு மாற்றுதலும் மருத்துவர் மேற்கொள்ளும் நெறியாயின. மருந்தைக் கொடுத்தலோடு அமையாது, அதன் ஆற்றலை அளந்தறிதல் வேண்டும் என்று சீரமருந்தில் எர்லிக் காட்டிய வழியும் இதுவே. அவர் கொள்கையுள் ஒன்று திருத்தம் பெற்றது; அவர் கைக்கொண்ட அளக்கும் ஒழுக்கமோ இன்றும் நோயாளர்க்குத் துணையாய் நிற்கின்றது. கலை பயிலும் நாமும் அவ்வொழுக்கத்தை மேற்கொள்வோமாக.