கதவைத் திறந்த ஆசிரியை: புரூடன்ஸ் கிராண்டல்

கல்விச்சாலையின் வாயில் யார் யாருக்குத் திறந்திருக்கிறது என்னும் வினா எல்லா நாடுகளிலும் ஏதேனும் ஒரு காலத்தில் எழுந்த வினாவாகும். சாதியின் பெயராலும் நிறத்தின் பெயராலும் வறுமையின் பெயராலும் அவ்வாயில் பலருக்கு அடைக்கப்பட்டதை வரலாறு நமக்குக் காட்டுகிறது. ஒரே ஒரு மாணவிக்காக அதனைத் திறந்து, தம் பள்ளியையே இழந்த கிறித்தவ ஆசிரியை ஒருவரின் வாழ்வை இங்குக் காண்போம்.

பிறப்பும் பணியும்

புரூடன்ஸ் கிராண்டல் அம்மையார் அமெரிக்க நாட்டின் ரோட் ஐலண்டு மாநிலத்தில், ஹாப்கின்டன் என்னும் ஊரில் 1803 செப்டம்பர் 3ஆம் நாள் பிறந்தார். அவருடைய குடும்பம் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்தது. அடிமை முறையைப் பாவமெனக் கருதியவர்கள் குவேக்கர்கள், பெண்கல்வியையும் போற்றியவர்கள். அவர்கள் பிராவிடன்ஸ் நகரில் நடத்திய விடுதிப் பள்ளியில் பயின்ற அம்மையார் ஆசிரியப் பணியை மேற்கொண்டார்.

கானெக்டிகட் மாநிலத்துக் காண்டர்பரி ஊரார் தம் பெண்மக்களுக்கென ஒரு பள்ளி வேண்டுமென்று அவரை அழைத்தனர். 1831இல் ஊரின் நடுவே ஒரு பெரிய வீட்டில் அப்பள்ளி தொடங்கிற்று. இலக்கணமும் வரலாறும் வேதியியலும் வானநூலும் அங்குக் கற்பிக்கப்பட்டன. ஊர்ப் பெரியோர் ஆசிரியையைப் பெரிதும் மதித்தனர்.

ஒரு மாணவியின் வேண்டுகோள்

1832ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் சாரா ஹாரிஸ் என்னும் இருபது வயதுக் கறுப்பினப் பெண் அம்மையாரிடம் வந்தாள். அவள் அடிமையல்லாத ஓர் உழவரின் மகள். தன் இனத்துக் குழந்தைகளுக்கு ஆசிரியையாக வேண்டும் என்பதே அவளுடைய ஆசை. சிறுவயதில் ஊர்ப் பொதுப்பள்ளியில், இப்போது இங்குப் பயிலும் பெண்கள் சிலரோடு சேர்ந்து படித்தவளே அவள். ஆயினும், உயர்கல்வி என்றவுடன் நிறம் குறுக்கே நின்றது.

அம்மையார் உடனே விடையளிக்கவில்லை. அடிமை ஒழிப்புக்காகப் பாஸ்டன் நகரில் வில்லியம் லாயிட் காரிசன் நடத்திய இதழை அவர் தம் இல்லப் பணிப்பெண் வழியாகப் படித்து வந்தார். விவிலியத்தைத் திறந்தபோது, ஒடுக்கப்பட்டோர் கண்ணீர் வடிக்க அவரைத் தேற்றுவார் இல்லை என்னும் பொருள்படும் பகுதி அவர் கண்ணிற்பட்டது. அதன்பின் அவர் தயங்கவில்லை, சாராவைச் சேர்த்துக்கொண்டார்.

பெற்றோர் வெகுண்டனர். அவளை நீக்காவிடில் தம் பிள்ளைகளை அனுப்போம் என்றனர். அவளை நீக்குவதைவிடப் பள்ளி அழிவதே மேல் என்னும் உறுதியில் அம்மையார் நின்றார். வெள்ளையின மாணவியர் விலகினர். அவரோ காரிசனைக் கண்டு கலந்து பேசி, 1833 ஏப்ரல் முதல் நாள் அதே வீட்டைக் கறுப்பினப் பெண்களுக்கான பள்ளியாகத் திறந்தார். பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா, பிராவிடன்ஸ் முதலிய நகரங்களிலிருந்து ஏறத்தாழ இருபது பெண்கள் வந்து சேர்ந்தனர்.

ஊரின் பகையும் சட்டத்தின் கொடுமையும்

கடைக்காரர்கள் பொருள் விற்க மறுத்தனர். கிணற்றில் சாணம் கொட்டப்பட்டது. அம்மையாரின் தந்தையார் தம் பண்ணையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும்படி ஆயிற்று. எதிரே இருந்த தேவாலயத்தின் கதவும் மாணவியருக்கு அடைபட்டது. எல்லா மனிதரும் ஒரே இறைவனின் படைப்பென்று ஓதும் இடமே இவ்வாறு செய்ததை எண்ணி நாம் வருந்தாமல் இருக்க முடியாது. அதே கிறித்தவ சமயத்தைச் சார்ந்த சாமுவேல் மே என்னும் போதகர் இறுதிவரை அவர்களுக்குத் துணை நின்றதையும் நாம் மறத்தலாகாது. ஆர்தர் டப்பன் என்னும் நியூயார்க் வணிகர் வழக்குச் செலவை ஏற்றார்.

பள்ளிக்கு அடுத்த வீட்டில் வாழ்ந்த ஆண்ட்ரூ ஜட்சன் என்னும் வழக்கறிஞரே எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். அன்னாரின் முயற்சியால் 1833 மே 24ஆம் நாள் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வெளிமாநிலக் கறுப்பின மாணவருக்கு ஊராட்சியின் இசைவின்றிக் கல்வி அளிப்பது அதன்படி குற்றமாயிற்று. ஜூன் 27ஆம் நாள் அம்மையார் கைதாகி ஓர் இரவு சிறையில் இருந்தார். எழுத்தறிவித்ததற்காக ஓர் ஆசிரியை சிறைப்பட்டார் என்னும் செய்தி நாடெங்கும் பரவிற்று.

முதல் விசாரணையில் நடுவர் குழு ஒருமுடிவுக்கு வரவில்லை. இரண்டாம் விசாரணையில், கறுப்பினத்தார் நாட்டின் குடிமக்களே அல்லர் என்று நீதிபதி டேகட் கருத்துரைத்தார். அம்மையார் குற்றவாளியென முடிவாயிற்று. 1834 ஜூலையில் மேல்நீதிமன்றம் வழக்கு வரைவின் குறையைக் காட்டி அதனைத் தள்ளியது. குடியுரிமை வினாவுக்கு விடை கூறவில்லை. சட்டத்தால் இயலாததைக் கும்பல் செய்தது. செப்டம்பர் 9ஆம் நாள் நள்ளிரவில் பள்ளியின் சாளரங்கள் நொறுக்கப்பட்டன. மாணவியரின் உயிருக்கு அஞ்சிய அம்மையார் பள்ளியை மூடினார்.

தோல்வியின் பின் வந்த வெற்றி

பள்ளி பதினேழு மாதங்களே நடந்தது. இது தோல்விதானா என்று நாம் சிந்திக்க வேண்டும். அந்தக் கொடுஞ்சட்டம் 1838இல் நீக்கப்பட்டது. அன்று விடையின்றி விடப்பட்ட குடியுரிமை வினாவிற்கு, உள்நாட்டுப் போரின்பின் 1868இல் அமெரிக்க அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் விடை தந்தது. எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய ஜட்சனே பின்னாளில் நீதிபதியாகி, அமிஸ்டாட் கப்பல் வழக்கில் 1840இல் ஆப்பிரிக்கர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார் என்பது வியப்பிற்குரியது. சாரா ஹாரிஸ் மணம் புரிந்து, தன் முதல் மகளுக்குத் தன் ஆசிரியையின் பெயரையே சூட்டினாள்.

அம்மையார் இல்லினாய் மாநிலத்திலும் பின்னர்க் கான்சஸ் மாநிலத்திலும் எளிய வாழ்வு வாழ்ந்தார். முதுமையில் வறுமையுற்ற அவருக்காகக் காண்டர்பரி ஊராரே மாநில அரசிடம் விண்ணப்பித்தனர். 1886இல் ஆண்டுக்கு 400 டாலர் உதவித்தொகை வழங்கப்பட்டது. எழுத்தாளர் மார்க் டுவெயினும் அதற்கு ஆதரவளித்தார். 1890 ஜனவரியில் எல்க் ஃபால்ஸ் ஊரில் அவர் காலமானார். 1995இல் கானெக்டிகட் மாநிலம் அவரைத் தன் வீராங்கனையாக அறிவித்தது. அன்று சூறையாடப்பட்ட வீடு அருங்காட்சியகமாக ஆக்கப்பட்டது.

சமத்துவம் பேசுதல் எளிது. வகுப்பறையில் ஓர் இடம் தருதலே அரிது. அந்த ஓர் இடத்திற்காக ஓர் ஆசிரியை வருவாயையும் ஊரின் மதிப்பையும் துறந்தார். கற்பிக்கும் நாமும் கற்கும் நாமும் நம் வகுப்பின் கடைசி இருக்கையில் தனித்திருப்பவர் யாரென்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போமாக. அவரை அருகே அழைத்து அமர்த்துவதே இவ்வம்மையாருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.