மான்செஸ்ரருக்கு வந்து சேர்ந்த சேர் சாள்ஸ் ஹாலே

மான்செஸ்ரரில் வசிக்கும் எம்மவர் பலர் பிரிட்ஜ்வாட்டர் மண்டபத்தைக் கடந்து போயிருப்பார்கள். அங்கு வாசிக்கும் ஹாலே இசைக்குழு, பிழைப்புத் தேடி அந்நகருக்கு வந்த ஒரு வெளிநாட்டவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஜேர்மனியின் ஹாகன் நகரில் 1819 இல் பிறந்தவர் கார்ல் ஹாலே. தந்தை தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர். மகன் 17 வயதில் பாரிசுக்குப் போய்ப் பியானோக் கலைஞராகப் பெயர் எடுத்தார். ஷொப்பன், லிஸ்ற், பேர்லியோஸ் எல்லோரும் அவருடைய நண்பர்கள். 1848 இல் புரட்சி வெடித்தது. மாணவர்கள் சிதறினார்கள், வருமானம் நின்றது. லண்டனுக்குப் போனால், அங்கும் அவரைப் போலவே ஓடிவந்த பியானோக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் மான்செஸ்ரரில் துணி வியாபாரம் செய்த ஜேர்மானியர் ஒருவர் அவரை அழைத்தார். ஊர்க்காரன் ஊர்க்காரனுக்குக் கைகொடுப்பது எங்களுக்குப் புதிதல்லவே.

அங்கே முதன்முதலில் கேட்ட வாத்தியக் குழு அவருக்குச் சகிக்கவில்லை. மூட்டை கட்டவே நினைத்தார். அதைத் திருத்தத்தான் உங்களை எதிர்பார்க்கிறோம் என்று நண்பர்கள் சொல்ல, தங்கிவிட்டார். கார்ல் சாள்ஸ் ஆனார். ஆங்கிலேயர் 'ஹால்' என்று கூப்பிடாதிருக்கப் பெயரின் கடைசி எழுத்துக்கு மேல் ஒரு கோடும் போட்டுக்கொண்டார். வேலைத்தலத்துக்காகப் பெயரைச் சுருக்கிய எம்மவருக்கு இது விளங்கும்.

1857 இல் நகரில் பெரும் கலைக் கண்காட்சி ஒன்று நடந்தது. அதற்காக லண்டனிலிருந்தும் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் கலைஞர்களை வரவழைத்துக் குழுவைப் பெருப்பித்தார். கண்காட்சி முடிந்ததும் அவர்கள் கலைந்துபோக வேண்டியதுதான். அவருக்கு மனம் வரவில்லை. நட்டம் வந்தால் தன்னுடையது என்று துணிந்து, 1858 ஜனவரி 30 அன்று ஃபிறீ ரிறேட் மண்டபத்தில் முதல் கச்சேரியை நடத்தினார். ஆரம்பத்தில் இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. முதல் பருவத்தின் 30 கச்சேரிகளுக்கும் கிடைத்த மொத்த இலாபம் மூன்று பென்ஸ் நாணயங்கள் பத்து. கச்சேரிக்கு ஒரு பென்னி!

அவர் விடவில்லை. ஆலைத் தொழிலாளரும் வந்து கேட்கக்கூடிய மலிவான ரிக்கற்றுகளை வைத்திருந்தார். பாரிஸ் நண்பர் பேர்லியோஸின் இசையை இங்கிலாந்துக்குப் பழக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1888 இல் 'சேர்' பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில், முதல் மனைவியை இழந்திருந்த அவர் வயலின் கலைஞர் வில்மா நெருடாவை மணந்தார். 1893 இல் நகருக்கு ஓர் இசைக் கல்லூரியும் தொடங்கி, அதன் முதல் அதிபரானார்.

1895 ஒக்ரோபரில் இறக்கும்வரை அந்தக் குழு அவர் கையில்தான் இருந்தது. அடக்கம் செய்தது அருகிலுள்ள சல்போர்ட்டில்.