வானிலிருந்து படை இறங்குமா? – திப்பு சுல்தான் வாழ்வு தரும் விடை

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

முன்னுரை

மனிதன் நிலவில் கால் பதித்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இந்தியரான ராகேஷ் சர்மா 1984ஆம் ஆண்டிலும், சுபான்ஷு சுக்லா 2025ஆம் ஆண்டிலும் விண்வெளிக்குச் சென்று மீண்டனர். விஞ்ஞானி சென்ற வழியில் நாளை போர்வீரனும் செல்ல மாட்டானா? விண்ணில் காத்திருந்து, கட்டளை கிடைத்ததும் பகைவன் நாட்டில் இறங்க மாட்டானா? நம் மாணவர்கள் நால்வர் கூடினால் இப்படியொரு விவாதம் எழுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

என் ஊரான அருவங்காட்டுக்கு இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கார்டைட் என்னும் புகையில்லா வெடிமருந்து செய்யும் தொழிற்சாலை எழுந்தது. என் தாத்தா அதில் வேலை பார்த்தவர். அடுத்த ஊரான வெல்லிங்டனில் சென்னைப் படைப்பிரிவின் பயிற்சி மையமும், முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரியும் உள்ளன. என்னோடு பள்ளியில் படித்த தோழன் ஒருவன் இன்று பட்டாளத்தில் இருக்கிறான். ஆகவே, வானிலிருந்து வீரர்களை இறக்குவது பற்றிப் பேசும்போது, இறங்கப் போகிறவன் யார் என்ற எண்ணமும் எனக்கு உடன் எழுகிறது.

இக்கேள்விக்கு விடை தேட நான் எதிர்காலத்தை நோக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டை நோக்கினேன். இராக்கெட்டைப் போர்ப்படையின் ஓர் அங்கமாக்கியவரும், மலைமேலிருந்து திடீரெனப் படையோடு இறங்கிப் பகைவரைத் திகைக்க வைத்தவருமான ஒருவர் நம் மலையடிவாரத்திலேயே போர் புரிந்திருக்கிறார். அவரே மைசூர் மன்னர் திப்பு சுல்தான்.

பிறப்பும் இளமையும்

பெங்களூருக்கு அருகிலுள்ள தேவனஹள்ளியில் 1750ஆம் ஆண்டு திப்பு பிறந்தார். தந்தை ஹைதர் அலி. தாய் பாத்திமா பக்ருன்னிசா. ஆற்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவுலியா என்னும் பெரியாரின் நினைவாகக் குழந்தைக்குப் பெயர் சூட்டினர். மைசூர்ப் புலியின் பெயர் நம் தமிழ் மண்ணிலிருந்து சென்றது என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி.

ஹைதர் அலி எழுதப் படிக்கத் தெரியாதவர். படைவீரராகத் தொடங்கித் தம் திறமையால் 1761இல் மைசூரின் முழு அதிகாரத்தையும் கைக்கொண்டவர். தாம் பெறாத கல்வியை மகனுக்கு அளித்தார். கல்வியோடு குதிரையேற்றமும் போர்ப்பயிற்சியும் சேர்ந்தே நடந்தன. 1767இல், பதினேழு வயதும் நிரம்பாத நிலையில், திப்பு குதிரைப்படையுடன் சென்னைப் பட்டணத்தின் புறநகர் வரை பாய்ந்து சென்று ஆங்கிலேயரைக் கலங்கச் செய்தார். எதிர்பாராத இடத்தில், எதிர்பாராத நேரத்தில் தோன்றுவதே அவருடைய போர்முறையின் உயிர்நாடி. விண்வெளியிலிருந்து படையை இறக்க வேண்டும் என்று கனவு காண்போர் விரும்புவதும் இதைத்தானே!

பொள்ளிலூரும் எரிவாணமும்

இரண்டாம் மைசூர்ப் போர் 1780இல் மூண்டது. குண்டூர்ப் பக்கமிருந்து கர்னல் பெய்லி ஒரு படையுடன் தெற்கே வந்தான். அவனுக்காகக் காஞ்சிபுரத்தில் தளபதி மன்றோ காத்திருந்தான். கொசஸ்தலையாற்றில் வெள்ளம் பெருகியதால் பெய்லி அக்கரையிலேயே சில நாட்கள் முடங்க நேர்ந்தது. அந்தத் தாமதம் திப்புவுக்கு வாய்ப்பாயிற்று. செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்திற்கு அருகே பொள்ளிலூரில் திப்புவும் ஹைதரும் பெய்லியைச் சூழ்ந்துகொண்டனர். ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. பெய்லி சிறைப்பட்டான். சில மைல் தொலைவில் இருந்த மன்றோவால் அவனைக் காக்க இயலவில்லை.

இப்போரில் பெயர் பெற்றவை மைசூரின் இராக்கெட்டுகள். மூங்கிலிலும் காகிதத்திலும் மருந்தை அடைத்துச் செய்த வாணங்கள் முன்பே உலகில் இருந்தன. ஹைதரும் திப்புவும் இரும்புக் குழலைப் பயன்படுத்தினர். மருந்து எரியும்போது எழும் அழுத்தத்தை இரும்பு தாங்கும். அழுத்தம் கூடினால் உந்துவிசை கூடும். வாணம் தொலைவு செல்லும். ஒரு சாண் நீளமுள்ள குழலை நீண்ட மூங்கிலோடு பிணைத்து எய்தால் அது ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வரை சென்றது. திப்பு தம் படைப்பிரிவு ஒவ்வொன்றிலும் இராக்கெட்டு வீரர்களைத் தனிக் குழுவாக அமைத்தார். குறி தப்பினாலும், சீறிக்கொண்டு வரும் நெருப்பைக் கண்டு குதிரைகளும் காளைகளும் மிரண்டோடின, அணிவகுப்புக் கலைந்தது.

1782 டிசம்பரில் சித்தூருக்கு அருகே பாசறையில் ஹைதர் அலி மறைந்தார். திப்பு அப்போது மலபாரில் இருந்தார். மகன் வந்து சேரும்வரை அமைச்சர்கள் மரணச் செய்தியை மறைத்து வைத்துப் படையைக் காத்தனர். மன்னரான திப்பு போரைத் தொடர்ந்து நடத்தி, 1784இல் மங்களூர் உடன்படிக்கையுடன் முடித்தார்.

ஆட்சியில் அவர் பட்டுத் தொழிலை வளர்த்தார். புதிய நாணயங்களையும் நாட்காட்டியையும் கொண்டுவந்தார். பிரான்சுக்கும் துருக்கிக்கும் தூதர்களை அனுப்பினார். அதே வேளையில் மலபார், குடகு மக்கள் அவருடைய படையெடுப்புகளால் பெருந்துயர் உற்றனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. வாழ்க்கை வரலாறு எழுதுவோர் ஒரு கண்ணை மூடிக்கொள்ளலாகாது.

கஜ்ஜல்ஹட்டிக் கணவாய்

இனி நம் மலைக்கு வருவோம். கோத்தகிரிக்கு அப்பால் கோடநாடு காட்சி முனையில் நின்று கீழே நோக்கினால் மோயாற்றுப் பள்ளத்தாக்கு ஆழத்தில் தெரியும். அந்தப் பள்ளத்தாக்குக்கு மைசூர் மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் வழியே கஜ்ஜல்ஹட்டிக் கணவாய். மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1790ஆம் ஆண்டு, ஆங்கிலத் தளபதி மெடோஸ் கோவையைப் பிடித்துக்கொண்டான். கர்னல் ஃபிளாய்டு சத்தியமங்கலத்தில் பாளையம் இறங்கியிருந்தான். அந்தச் செப்டம்பரில் திப்பு பெரும்படையுடன் கணவாய் வழியே சமவெளியில் இறங்கினார்.

செப்டம்பர் 13ஆம் நாள் சத்தியமங்கலத்தில் கடும்போர் நடந்தது. பீரங்கி இழுக்கும் மாடுகள் மடிந்தமையால் ஃபிளாய்டு சில பீரங்கிகளைக் கைவிட்டுக் கோவையை நோக்கிப் பின்வாங்கினான். மேலிருந்து கீழே பாய்ந்த படைக்கு வெற்றி கிட்டியது. ஆனால் அந்த வெற்றி நிலைத்ததா? ஃபிளாய்டின் படை அழியவில்லை. மெடோஸின் படையோடு சேர்ந்துகொண்டது. திப்பு கிழக்கே கர்நாடகச் சமவெளிக்குச் சென்றார், பிரெஞ்சுக்காரரின் துணையை நாடினார், அது கிடைக்கவில்லை. அதற்குள் கார்ன்வாலிஸ் பெரும்படை திரட்டி, 1791 மார்ச்சில் பெங்களூரைப் பிடித்தான்.

அதே ஆண்டு மே மாதத்தில் கார்ன்வாலிஸ் சீரங்கப்பட்டணத்தை நெருங்கினான். போரில் வென்றும் அவனால் கோட்டையைத் தொட முடியவில்லை. காரணம், காளை மாடுகள்! வண்டிமாடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன, அரிசி தீர்ந்தது, தன் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துவிட்டுத் திரும்பினான். மறு ஆண்டு உணவையும் மாடுகளையும் வேண்டிய அளவு சேர்த்துக்கொண்டு வந்தபோதுதான் திப்பு பணிய நேர்ந்தது. பாதி நாடும், 3 கோடியே 30 இலட்சம் ரூபாயும், இரண்டு இளம் புதல்வர்களும் அதற்கு விலையாயினர். சிறுவர்கள் இருவரும் பிணையாகச் சென்று 1794இல்தான் மீண்டனர். விரைந்து வரும் படை ஒரு நாளை வெல்லும். உணவோடு வரும் படை போரையே வெல்லும். இது இந்த இரண்டாண்டு நிகழ்ச்சிகள் கூறும் பாடம்.

இறுதி நாட்கள்

நான்காம் போர் 1799இல் தொடங்கியது. ஏப்ரல் 5ஆம் நாள் இரவு, சீரங்கப்பட்டணத்தின் அருகே சுல்தான்பேட்டைத் தோப்பில் நுழைந்த ஆங்கிலப் படையை மைசூரின் இராக்கெட்டுகளும் துப்பாக்கிகளும் சிதறடித்தன. இருளில் வழி தெரியாமல் பின்வாங்கிய அப்படையின் தலைவன் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வெல்லிங்டன் பிரபுவாகி நெப்போலியனை வென்றவனும் அவனே. என் அடுத்த ஊர் தாங்கி நிற்பது அவன் பெயரைத்தான்!

ஆனால் இரவில் வென்ற நெருப்பு பகலில் கோட்டையைக் காக்கவில்லை. மே 2ஆம் நாள் ஆங்கிலேயரின் குண்டு ஒன்று கோட்டைக்குள் இராக்கெட்டுகள் சேமித்திருந்த கிடங்கில் விழுந்து அதை வெடிக்கச் செய்தது. மே 4ஆம் நாள் நண்பகலில், நீர் வற்றியிருந்த காவிரியின் பாறைகளுக்கிடையே வீரர்கள் நடந்து கடந்து, இடிந்த மதிலில் ஏறினர். அவர்களை நடத்தி வந்த பெயர்ட், பொள்ளிலூரில் சிறைப்பட்டு மைசூரில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவன். திப்பு ஓடி ஒளியவில்லை. கோட்டை வாயிலில் சாதாரண வீரர்களோடு நின்று போரிட்டு மாண்டார். அன்றிரவு உடல்குவியலுக்கிடையே அவர் உடலைக் கண்டெடுத்தனர். குடும்பத்தாரை வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினர். நம் நீலகிரியும் கோவையும் அவ்வாண்டே ஆங்கிலேயர் கைக்குச் சென்றன.

அவருடைய இராக்கெட்டுகள் இங்கிலாந்து சென்றன. அவற்றை ஆராய்ந்து வில்லியம் காங்கிரீவ் செய்த புதிய இராக்கெட்டுகள் 1807இல் கோபன்ஹேகன் நகரத்தை எரித்தன. 1963இல் அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்திற்குச் சென்ற நம் அப்துல் கலாம், திப்புவின் இராக்கெட்டுப் போர் ஓவியத்தை அங்கே கண்டு வியந்தார். 2018இல் கர்நாடகத்தின் நகரா என்னும் ஊரில் பாழுங்கிணறு ஒன்றைத் தோண்டியபோது ஆயிரத்திற்கும் மேற்பட்ட இராக்கெட்டுக் குழல்கள் கிடைத்தன.

வலியும் காலமும் இடமும்

இராக்கெட்டில் நெருப்பு சென்றது போல் நாளை வீரனும் செல்வானா? முயற்சி இல்லாமல் இல்லை. 1960களில் அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனப் பொறியாளர் பிலிப் போனோ, 1,200 வீரர்களை ஒரே இராக்கெட்டில் ஏற்றி ஒரு மணி நேரத்திற்குள் உலகின் மறுகோடியில் இறக்கும் திட்டத்தை வரைந்தார். அது வரைபடத்தோடு நின்றது. 2021இல் அமெரிக்க விமானப்படை இராக்கெட்டு மூலம் 100 டன் வரை சரக்கு அனுப்பும் ஆய்வை அறிவித்தது. சரக்குத்தான், வீரர் அல்லர்!

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அந்த மூன்று உரைகல்லிலும் இத்திட்டத்தை உரைத்துப் பார்க்கலாம்.

முதலாவது வலி. மூன்று பேரை விண்ணுக்கு ஏற்றும் சோயுஸ் இராக்கெட்டு புறப்படும்போது ஏறத்தாழ 310 டன் எடை உள்ளது. பூமியைச் சுற்றுகிறவன் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறான். ஆயுதத்தோடு 100 கிலோ எடையுள்ள வீரன் அந்த வேகத்தில் கொண்டிருக்கும் ஆற்றல், சுமார் 700 கிலோ டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றலுக்குச் சமம். இறங்குமுன் அத்தனையையும் வெப்பமாகக் காற்றில் இழந்தாக வேண்டும். வெடிமருந்து செய்யும் ஊரில் பிறந்த எனக்கு இக்கணக்கு அச்சம் தருகிறது.

இரண்டாவது காலம். விண்ணில் காத்திருக்கும் வீரன் நினைத்த நொடியில் நினைத்த ஊருக்கு மேலே இருக்க மாட்டான். அவன் ஒருமுறை பூமியைச் சுற்றிவர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதற்குள் பூமியும் சுழன்றுவிடுவதால், நிலநடுக்கோட்டின் அளவில் அவன் பாதை ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் மேற்கே தள்ளிப் போகிறது. மாதக்கணக்கில் எடையற்றுக் கிடந்தவன் தரையிறங்கிய உடனே நிமிர்ந்து நிற்கவும் தடுமாறுவான். பூமியிலிருந்தே இராக்கெட்டில் அனுப்பினாலோ, புறப்படும் நெருப்பைப் பகைவனின் செயற்கைக்கோள் உடனே கண்டுகொள்ளும். அங்கே திப்புவின் கணவாய்க்கு இருந்த மறைவு இல்லை.

மூன்றாவது இடம். விண்கலம் குடைவிரித்து மெல்ல இறங்குவதற்குக் கால் மணி நேரம் ஆகிறது. வெட்டவெளியில் நட்பு நாட்டார் ஹெலிகாப்டருடன் காத்திருக்கும்போது அது நலமாக முடிகிறது. துப்பாக்கியுடன் பகைவன் காத்திருக்கும்போது எப்படி முடியும்? இறங்கியபின் சோறு யார் தருவார்? தோட்டா யார் தருவார்? திரும்பும் இராக்கெட்டுக்கு எரிபொருள் எங்கே? கார்ன்வாலிஸின் காளை மாடுகள் இங்கே மீண்டும் வந்து நிற்கின்றன.

முடிவுரை

ஆகவே, ஒரு சிறு குழுவை ஏதோ ஓர் அவசரத்திற்கு வான்வழியே அனுப்பும் நாள் வரலாம். ஒரு படையையே அவ்வாறு இறக்குவது நம் தலைமுறையில் கைகூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. விண்வெளி போருக்குக் கண்ணாகவும் காதாகவும் ஆகிவிட்டது. 2019இல் நம் நாடே தன் ஏவுகணையால் தன் செயற்கைக்கோள் ஒன்றைச் சுட்டு வீழ்த்திக் காட்டியது. ஆனால் மண்ணைப் பிடிப்பதும் காப்பதும் இன்றும் கால்நடையாகச் செல்லும் மனிதனின் வேலையே. சீரங்கப்பட்டணம் வாணத்தால் விழவில்லை. ஆற்றைக் கடந்த கால்களால் விழுந்தது.

இயலுமா என்ற கேள்வியை அறிவியல் மாணவர்கள் ஆராயட்டும். அவனைத் திரும்ப அழைத்துவர வழி உண்டா என்ற கேள்வியை நாம் அனைவரும் கேட்போம். திப்பு தாம் அனுப்பிய வீரர்களோடு தாமும் நின்று மடிந்தார். நாளை வானிலிருந்து வீரனை இறக்கும் கட்டளையில் கையெழுத்திடுபவர் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் பத்திரமாக அமர்ந்திருப்பார். அந்தத் தொலைவை எந்த இராக்கெட்டாலும் குறைக்க முடியாது.